முட்டை லாரியின் மெமரி கார்டு

விடியற்காலை நாலு மணி பத்து நிமிடம். லிம் சூ காங் சாலை.

போனவர்களுக்குத் தெரியும் அந்தச் சாலை எப்படி என்று. இரண்டு பக்கமும் மரம். மரத்துக்குப் பின்னால் பண்ணை... இல்லையென்றால் கல்லறை. இந்தத் தீவில் செத்துப்போகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பக்கம்தான் இடம். சாலை மட்டும் வளைவே இல்லாத நேர்கோடு. அந்த நேரத்தில் பஸ் கிடையாது, டாக்ஸி கிடையாது. ஒரு விளக்குக் கம்பத்தின் வெளிச்சம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் நல்ல இருட்டு.

ஸ்ரீராம், அந்த ஃபோனைக் கவிழ்த்து வை. அடுப்புக் கரியின் வெளிச்சமே போதும். பாசிர் ரிஸில் கடற்கரைச் சாலே விடுதி எடுத்துத் தங்க வந்துவிட்டு ஃபுட்பால் பார்க்கிறவனுக்கு எதற்குப் பேய்க் கதை? தாரணி, நீ கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார். கதவுப் பக்கம் முதுகைக் காட்டாதே. சும்மாதான் சொன்னேன்... சரி, உட்கார்.

இது என் கூட்டாளி அஸ்மத்தின் பெரியம்மா மகள் முனீராவுக்கு நடந்தது. அவள் அஸ்மத்திடம் மட்டும் சொன்னாள். அஸ்மத்துக்கு வாய் நிற்காது, அதனால் நமக்குத் தெரிகிறது.

அன்றைக்கு அந்தச் சாலையில் ஒரே ஒரு லாரி. முட்டை லாரி. பண்ணையில் ஏற்றித் தேக்கா மார்க்கெட்டில் இறக்க வேண்டும். ஓட்டியவர் ரோனி. முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. தெம்பனிஸில் அம்மாவோடும் தங்கை மிரண்டாவோடும் இருந்தார். சென்ற ஆண்டு, பெரிய வெள்ளிக்கிழமை அது.

நாலு பன்னிரண்டுக்கு லாரி சாலையை விட்டு இடப்பக்கம் இறங்கி ஒரு மரத்தில் மோதியது. சத்தம் கேட்க ஆள் இல்லை. ஐந்து மணிக்குப் பெருமழை. ஆறு மணி வாக்கில் சைக்கிளில் வேலைக்குப் போன ஒரு பண்ணைத் தொழிலாளி பார்த்தபோது, மஞ்சளும் வெள்ளையுமாக மழைத்தண்ணீர் சாலையின் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. பச்சை முட்டையின் கவிச்சை. லாரியின் சிக்னல் விளக்கு மட்டும் இன்னும் அணையவில்லை... டிக். டிக். டிக். ரோனி சீட் பெல்ட்டோடு சீட்டிலேயே இருந்தார்.

பிரேக் போட்ட தடம் ஏதாவது இருந்திருந்தால் மழை அதைக் கழுவிவிட்டது. கம்பெனி ஒரே வரியில் முடித்தது. டிரைவர் தூங்கிவிட்டார். அவர் மோதியது தூங்குமூஞ்சி மரம். அது மட்டும் கம்பெனிக்குத் தெரிந்திருந்தால் அதையும் சேர்த்து எழுதியிருப்பார்கள்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. டிரைவர்கள் தேநீர் குடிக்கும் அறையில் ஒரு போஸ்டர் ஒட்டினார்கள். ரோனியின் சிரித்த படம். அதன் கீழே மூன்று மொழியில் எழுதியிருந்தது. 'தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டாதீர்கள். ரோனியை நினைத்துப் பாருங்கள்.' நல்ல எண்ணத்தில் செய்தார்களாம். ரோனியின் அம்மா பாக்கிச் சாமான்களை வாங்கப் போனபோது அதைப் பார்த்துவிட்டு, அங்கேயே ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மிரண்டாவுக்கு அதைவிடப் பெரிய வலி ஒன்று இருந்தது. முந்தின நாள் பெரிய வியாழன். மாலைப் பூசை முடிந்ததும் ஏழு கிறிஸ்தவக் கோயில்களுக்குப் போய், ஒவ்வொன்றிலும் நற்கருணை முன்னால் முழங்காலிட்டு வருவது அவர்கள் வீட்டு வழக்கம். அம்மாவுக்கு முட்டி வலி, இந்த வருடம் மூன்று போதும் என்றார். மிரண்டாதான் விடவில்லை. ஏழென்றால் ஏழு. இரவல் காரில் ரோனிதான் அத்தனை கோயிலுக்கும் ஓட்டிக்கொண்டு போனார். வீடு வந்தபோது பன்னிரண்டரை. இரண்டரைக்கு மறுபடி எழுந்து வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

துக்க வீட்டில் சித்தி ஒருத்தி காபியைக் குடித்துக்கொண்டே சொன்னாள்.

"ஏழு கோயிலுக்கும் புள்ளைய இழுத்துக்கிட்டுப் போனியே மிரண்டா. கொஞ்சம் தூங்க விட்டிருக்கலாம்."

அன்றிலிருந்து மிரண்டாவுக்கு ஒரே கேள்விதான். அண்ணன் தூங்கினாரா, இல்லையா? தூங்கினார் என்றால் கொன்றது நான்தான் என்று அவள் நினைத்தாள். யாரிடமும் இதைச் சொல்லவில்லை. வெளியே மட்டும், 'எங்க அண்ணன் தூங்கல' என்று கம்பெனியோடு சண்டை, சித்தியோடு சண்டை, பங்குச் சாமியார் ஆறுதல் சொல்ல வந்தால் அவரோடும் சண்டை.

கம்பெனியில் கொடுத்த பிளாஸ்டிக் பைக்குள் ரோனியின் காலணி, ஜெபமாலை, தண்ணீர் பாட்டில், உடைந்த கேமரா. கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டியிருப்பார்களே, ஓடும்போது முன்னால் இருக்கும் சாலையைப் பதிவு செய்கிற கேமரா... அது. நொறுங்கிவிட்டது, பிரயோஜனமில்லை என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். மிரண்டா அதைக் குலுக்கிப் பார்த்தாள். உள்ளேயிருந்து சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு மெமரி கார்டு விழுந்தது.

அதை எடுத்துக்கொண்டுதான் முனீராவிடம் வந்தாள். ஜூன் மாதம் முதல் ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி.

முனீராவின் கடை டன்லப் ஸ்ட்ரீட்டில், ஒரு பிரியாணிக் கடைக்கு மேலே. ஏணி மாதிரி செங்குத்தான மரப்படி. மேலே ஒரே அறை, ஒரு மேசை, ஒரு ஃபேன். செத்துப்போன ஹார்ட் டிஸ்க், தண்ணீரில் விழுந்த ஃபோன், குழந்தை கடித்த மெமரி கார்டு எல்லாம் கடைசியில் அவளிடம்தான் வரும். பதினெட்டு வருடத் தொழில். வாய் கொஞ்சம் நீளம். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், 'முதல்ல கேபிள மாத்திப் பாருங்க' என்பாள்.

மிரண்டா கார்டை டிஷ்யூவிலிருந்து பிரித்து வைத்தாள்.

"ரெண்டு கடையில காட்டிட்டேன் அக்கா. ஒருத்தரு செத்துப்போச்சுன்னாரு. இன்னொருத்தரு ஃபார்மட் பண்ணா புதுசு மாதிரி ஆயிரும்னாரு."

"ஆயிரும் லா. உள்ள ஒண்ணும் இருக்காது. அறிவுகெட்டவன்." முனீரா கார்டைத் திருப்பிப் பார்த்தாள். "உள்ள என்னம்மா இருக்கு?"

"எங்க அண்ணன் தூங்கினாரா இல்லையான்னு இருக்கு."

மிரண்டா எல்லாவற்றையும் சொன்னாள். ஏழு கோயில், சித்தி, போஸ்டர். சொல்லும்போது அழவில்லை. முனீராவுக்கு அவளைப் பிடித்துப்போனது. கார்டின் செப்புக் கால்களைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். பஞ்சில் மஞ்சளாக ஏதோ வந்தது. முகர்ந்து பார்த்தாள்... காய்ந்த முட்டை.

சின்னக் கார்டைப் பெரிய கார்டு வடிவிலுள்ள அடாப்டரில் வைத்து, மடிக்கணினியில் செருகினாள். ஒன்றும் இல்லை. வெளியே மாட்டுகிற ரீடர் ஒன்றில் வைத்தாள். அப்போதும் இல்லை. வேறு ரீடர். சின்னப் பச்சை விளக்கு எரிந்தது.

"பாத்தியா, கார்டு சாகல. முதல் ரீடரோட கால் வளைஞ்சிருக்கு."

முனீராவின் மடிக்கணினியில் ஓடுவது லினக்ஸ். அதில் கார்டைச் செருகினால் மட்டும் போதாது. கணினி அதை ஒரு ஃபோல்டரில் ஏற்றி வைத்தால்தான் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியும். அதற்குப் பெயர் மவுண்ட். வேலை முடிந்ததும் முறையாக இறக்கிவிட்டுத்தான் கார்டை எடுக்க வேண்டும். பெரும்பாலும் இது தானாக நடந்துவிடும். நடக்காதபோதுதான் முனீரா மாதிரி ஆள் வேண்டும்.

ஏற்று என்று தட்டினாள். கணினி மறுத்தது. போன முறை இந்தக் கார்டு முறையாக இறக்கப்படவில்லை, பழுது பார்க்கவும் என்றது.

"மோதினதுல கேமராவுக்குக் கரண்டு போயிருக்கும். எழுதிக்கிட்டிருக்கும்போதே நின்னுருக்கு. சரி பண்ணிரலாம்."

பழுது பார் என்று தட்டினாள். மறுபடி மறுப்பு. இந்தக் கார்டு உபயோகத்தில் இருக்கிறது.

முனீரா திரையை உற்றுப் பார்த்தாள். யார் உபயோகிக்கிறார்கள்? வேறு ஒரு ஜன்னலும் திறந்திருக்கவில்லை. கார்டைப் பிடித்துக்கொண்டிருப்பது எந்த நிரல் என்று கேட்டாள். ஒரே ஒரு வரி வந்தது. முதலில் ஒரு எண். பெயர் இருக்க வேண்டிய இடத்தில்... காலி.

"ஏதோ மாட்டிக்கிட்டு நிக்குது" என்று அதை நிறுத்தச் சொல்லி ஆணை கொடுத்தாள். வரி மறைந்தது. பழுது பார். உபயோகத்தில் இருக்கிறது. மறுபடி பார்த்தால் அதே காலிப் பெயர், வேறு எண். பலவந்தமாக நிறுத்தினாள். மறைந்தது. வந்தது. மூன்றாம் முறையும் அப்படியே.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. கணினியை அணைத்துப் போட்டாள். அப்படியே இருந்தது. அலமாரியிலிருந்து பழைய மடிக்கணினி ஒன்றை எடுத்தாள். இரண்டு வருடமாக அதை யாரும் தொட்டதில்லை, இன்டர்நெட்டும் கிடையாது. கார்டை அதில் மாற்றினாள். ஏற்று. உபயோகத்தில் இருக்கிறது. யார்? காலிப் பெயர்.

நிரல் எப்போது தொடங்கியது என்று கேட்டால் கணினி சொல்லும். கேட்டாள். அந்தப் பழைய மடிக்கணினியை அவள் முடுக்கி நாலு நிமிடம்தான் ஆகியிருந்தது. கணினி சொன்ன பதில்... ஏப்ரல் பதினெட்டு, விடியற்காலை நாலு பன்னிரண்டு.

முனீரா கணினியின் கடிகாரத்தைப் பார்த்தாள். சரியாக இருந்தது. தன் கைக்கடிகாரத்தையும் பார்த்தாள்.

கீழே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஊருக்கு ஃபோன் பேசுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், ஒரு கடையில் சத்தமாகப் பாட்டு. நல்ல வெயில். அத்தனைக்கும் நடுவில் அந்த அறையில் மெல்ல ஒரு கவிச்சை ஏறியது. பிரியாணி வாசனைக்கு மேலே... பச்சை முட்டை.

"அக்கா" என்றாள் மிரண்டா. "அந்த லைட்ட பாருங்க."

ரீடரின் பச்சை விளக்கு. கார்டை யாராவது படிக்கும்போதுதான் அது மினுக்கும், அதுவும் தாறுமாறாக. இப்போது ஒரே அளவாக மினுக்கியது. எரிந்தது... அணைந்தது. எரிந்தது... அணைந்தது. மிரண்டாவின் விரல் தானாக மேசையில் தாளம் போட்டது. டிக். டிக். டிக்.

முனீரா இன்னொரு ஆணை தட்டினாள். அந்த நிரல் கார்டில் எந்த இடத்தைப் படிக்கிறது என்று பார்க்க. ஒரே ஒரு கோப்பு. கடைசிக் கோப்பு. படிக்கும் இடம் பூஜ்யத்திலிருந்து மெல்ல மேலே ஏறியது. ஒரு எண்ணில் நின்றது. உடனே மறுபடி பூஜ்யம். மறுபடி ஏறியது. அதே எண்ணில் நின்றது.

"என்னக்கா?"

"யாரோ பாத்துக்கிட்டிருக்காங்க" என்றாள் முனீரா. அவள் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை. "கடைசி மூணு நிமிஷத்த. திரும்பத் திரும்ப."

கேபிளை மாற்றிப் பார்க்க இனி ஒன்றும் பாக்கியில்லை. கார்டைப் பிடுங்கிவிடலாம் என்று கையை நீட்டினாள். மிரண்டா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுக்காதீங்க. அண்ணனா இருந்தா பாக்கட்டும். தூங்கிட்டோமான்னு அவருக்கே தெரியலையோ என்னவோ."

"அண்ணன் இல்லன்னா?"

"எவனா இருந்தாலும் எனக்கென்ன? எங்க அண்ணனோட கடைசி மூணு நிமிஷத்த எனக்கு முன்னாடி உக்காந்து பாக்குறான். நான் மட்டும் பாக்கக் கூடாதா?" மிரண்டாவின் பிடி தளரவில்லை. "ஆறு வாரமா எல்லாரும் என்னைப் பயமுறுத்தியாச்சு. இதுக்கு மேல பயப்பட என்கிட்ட ஒண்ணும் இல்ல. திறங்க."

முனீராவுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தில்தான் தன் தப்பும் தெரிந்தது. பழுதோடு ஒரு கார்டு வந்தால் முதலில் அதைச் சரி பண்ணுவது பதினெட்டு வருடக் கைப்பழக்கம். சரி பண்ண வேண்டுமென்றால் கார்டில் எழுத வேண்டும். எழுத வேண்டுமென்றால் வேறு யாரும் அதைத் திறந்து வைத்திருக்கக் கூடாது. அதனால்தான் அங்கே உட்கார்ந்திருப்பவரை விரட்டிக்கொண்டே இருந்தாள். வெறுமே பார்ப்பதற்கு யாரையும் விரட்டத் தேவையில்லையே. ஒரு கார்டை எத்தனை பேர் வேண்டுமானாலும் சேர்ந்து படிக்கலாம்.

அடாப்டரின் ஓரத்தில் ஒரு சின்னத் தாழ்ப்பாள் உண்டு. கீழே தள்ளினால் கார்டில் எதையும் எழுத முடியாது. பிடுங்கவில்லை என்று மிரண்டாவிடம் சொல்லிவிட்டு, கார்டை ஒரு நொடி வெளியே எடுத்து அதைத் தள்ளினாள். திரும்பச் செருகுமுன் அந்தக் காலி வரியைப் பார்த்து, கடையில் தகராறு பண்ணுகிற வாடிக்கையாளரிடம் பேசுவதுபோல் பேசினாள்.

"கேட்டுக்குங்க. நான் எதையும் அழிக்க மாட்டேன். எதையும் மாத்த மாட்டேன். நீங்க பாக்குறத பாருங்க. இந்தப் புள்ளையும் பாக்கும். தடுக்குற வேலை வச்சுக்காதீங்க, நான் எந்திரிச்சுப் போற ஆளு இல்ல."

பிஸ்மில்லாஹ் சொல்லிச் செருகினாள். படிக்க மட்டும் ஏற்று என்று தட்டினாள்.

ஏறியது.

முதல் வேலையாகக் கடைசிக் கோப்பைப் பிரதி எடுத்தாள். பிறகு ஓட விட்டாள். பச்சை விளக்கு தன்பாட்டுக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது.

சாலை. முன்விளக்கு வெளிச்சத்தில் வெள்ளைக் கோடுகள் வந்து வந்து கீழே போயின. என்ஜின் இரைச்சல். பின்னால் முட்டைத் தட்டுகளின் கிறீச் கிறீச். அதற்கு மேலே ரோனியின் குரல். தூக்கம் வராமலிருக்கத் தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தார்.

"...மூணாவது கோயில்ல அம்மா உக்காந்தவங்க எந்திரிக்கவே இல்ல. நாலாவதுல பார்க்கிங் கிடைக்கல. அஞ்சாவதுல மிரண்டா செருப்பு அறுந்துச்சு. ஆறாவதுக்கு வெறுங்கால்ல வந்தா. பிடிவாதக்காரி... அதுக்கும் மேல போய், ஏழாவதுல அழுதா. என்னத்துக்கு அழுதான்னு கேக்கல நான். கேக்கணும். வீட்டுக்குப் போயிக் கேக்கணும்."

மிரண்டா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று முனீராவுக்குத் தெரியவில்லை.

"தூங்கல" என்றாள் மிரண்டா. "தூங்கல அக்கா."

திரையின் மூலையில் நாலு பன்னிரண்டு ஆனது. என்ஜின் சத்தம் இறங்கியது... ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுத்தாயிற்று.

"என்னது அது..." ரோனியின் குரல். "நடு ரோட்டுல... வெளிச்சம்?"

சாலையில் ஒன்றும் இல்லை. வெள்ளைக் கோடு. மரம். இருட்டு.

"யாரோ உக்காந்திருக்காங்க லா. ஏய்... ஏய்..."

ஹாரன். விடாமல் ஹாரன். அதற்குள் ரோனி ஏதோ பேசினார், கேட்கவில்லை. டயர் கிறீச்சிட்டது. ஹாரன் ஒரு நொடி விட்டது. அந்த ஒரு நொடியில் தெளிவாக ஒரு வார்த்தை.

"மிரண்டா..."

திரை இடப்பக்கம் சாய்ந்தது. மரம் வந்தது. பிறகு கறுப்பு. கறுப்புக்குள் முட்டைகள் உடைகிற சத்தம், நிறைய நேரம். கடைசியில் டிக்... டிக்... டிக். ஒன்பது நொடி. கோப்பு முடிந்தது.

கடைசி வரைக்கும் அந்தச் சாலையில் யாரும் இல்லை. ஒரு பூனைகூட இல்லை.

முனீரா ரீடரைப் பார்த்தாள். பச்சை விளக்கு அணைந்திருந்தது. யார் பிடித்திருக்கிறார்கள் என்று கேட்டாள். பட்டியல் காலி. இறக்கு என்றாள். மறு பேச்சில்லாமல் கார்டு இறங்கியது.

"அந்த நேரம் நான் வீட்டுல படுத்திருந்தேன்" என்றாள் மிரண்டா மெதுவாக.

"கடைசி நேரத்துல மனசு வீட்டு ஆளுங்கள நினைக்கும்மா."

மிரண்டா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து நின்றபோது உள்ளே வந்தவளைவிட உயரமாகத் தெரிந்தாள் என்று முனீரா சொன்னாளாம்.

"எதைப் பாத்தாரோ, யாரைப் பாத்தாரோ. முழிச்சிருந்தாரு. எனக்கு அது போதும். காப்பி பண்ணிக் குடுங்க அக்கா, நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்."

செவ்வாய்க்கிழமை காலை கம்பெனிக்குப் போனாள். மேலாளர் தன் அறையில் வைத்துப் பார்க்கலாம் என்றார். மிரண்டா மறுத்துவிட்டாள். போஸ்டர் எங்கே இருக்கிறதோ அங்கேதான். டிரைவர்கள் இருபது பேர் தேநீர்க் கோப்பையோடு நிற்க, சுவரில் இருந்த டிவியில் போட வைத்தாள். ஏழு கோயில் கதை வந்தபோது இரண்டு மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்கும் ரோனியின் குரல் பழக்கம்.

முடிந்ததும் சூப்பர்வைசர் செல்லக்கண்ணு தொண்டையைச் செருமினார். போஸ்டரில் தமிழ் வரியை எழுதியவர் அவர்தான்.

"ரோட்டுல ஒண்ணுமே இல்லையேம்மா. ஆள் இருக்குன்னு சொல்றாரு. உன் பேரச் சொல்றாரு. கண்ணு சொக்கிக் கனவு கண்டிருப்பாரு. தப்பா எடுத்துக்காத, அதையும் தூக்கம்னுதான் சொல்லணும்."

மிரண்டா அவர் முன்னால் போய் நின்றாள்.

"கனவு கண்டவரு கால எடுத்து ஸ்பீடக் குறைப்பாரா அண்ணே? ஹாரன் அடிப்பாரா? பிரேக் போட்டு, நடுவுல இருக்கிற ஆள விட்டு இடது பக்கம் ஒடிப்பாரா? ஆமா, என் பேருதான். கூப்பிட்டது எங்க அண்ணன். முழிச்சுக்கிட்டுக் கூப்பிட்டாரு. உங்களுக்குப் புரியலன்னா இன்னொரு தடவ போடுறேன். புரியுற வரைக்கும் போடுறேன். எனக்கு இன்னைக்கு லீவு."

அவள் நேரே சுவரிடம் போய்ப் போஸ்டரை உரித்தாள். டேப் விடவில்லை, சுவர்ச் சாயத்தோடு சேர்த்து உரித்தாள். நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஒரு டிரைவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த வாரம் கம்பெனி கடிதத்தில் அந்த வரியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. சித்தியையும் விடவில்லை மிரண்டா. வீட்டுக்குக் கூப்பிட்டு, காபி போட்டுக் கொடுத்து, முழுசும் கேட்க வைத்துத்தான் அனுப்பினாள்.

மிரண்டாவுக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான். முனீரா அவளிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது.

திங்கட்கிழமை காலை முனீரா அந்தப் பிரதியைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தாள். கம்பெனியில் நன்றாகக் கேட்க வேண்டுமே என்று. ஹாரனின் சத்தம் ஒரே சுருதி. அந்தச் சுருதியை மட்டும் குறைத்துவிட்டால் அடியில் இருக்கும் பேச்சு மேலே வரும். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். கேட்டாள். இன்னொரு முறை கேட்டாள். பிறகு அந்தச் சுத்தமான பிரதியை அழித்துவிட்டு, ஹாரன் சத்தத்தோடு இருந்ததையே மிரண்டாவிடம் கொடுத்தாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மிரண்டா கார்டோடு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, கடைக்கு வருகிற வழியில் முனீரா முக்காடு போடும் துடோங் ஒன்று வாங்கினாள். பச்சை நிறம். புதுத்துணியின் மடிப்புக்கூடப் போகாமல் அங்கேயே தலையில் கட்டிக்கொண்டு வந்தாள். ரோனி செத்து ஆறு வாரம் கழித்து வாங்கிய துணி.

ஹாரனுக்கு அடியில், டயர் கிறீச்சிடுவதற்கு முன்னால், ரோனி சொன்னது இதுதான்.

"ரெண்டு பேரு... ஒரு கம்ப்யூட்டர் பொட்டி வெளிச்சத்துல... அது மிரண்டா... பக்கத்துல யாரு அந்தப் பச்சை துடோங் அக்கா?... ஏன் ரெண்டு பேரும் என்னையே பாக்குறாங்க?"